கார்ட்ரிட்ஜ் தேர்வை டோன்ஆர்மிலிருந்து தொடங்குங்கள்

ரெக்கார்டு கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கார்ட்ரிட்ஜ் நல்லது?" என்றுதான். தட்டின் தடத்தில் ஓடும் முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பகுதிதான் கார்ட்ரிட்ஜ்; அதைத் தாங்கும் கை டோன்ஆர்ம். கார்ட்ரிட்ஜ் எந்த டோன்ஆர்மில் உட்காரப் போகிறது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஓர் ஆர்மில் அழகாகப் பாடும் கார்ட்ரிட்ஜ், இன்னோர் ஆர்மில் தட்டு கொஞ்சம் நெளிந்திருந்தாலே தள்ளாடும். எனவே டர்ன்டேபிளையும் அதன் ஆர்மையும் முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஆர்முக்குப் பொருந்தும் கார்ட்ரிட்ஜ் அதன் பிறகு. அந்தக் கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும் ஃபோனோ ப்ரீஆம்ப் (அதன் மெல்லிய வெளியீட்டைப் பெருக்கும் கருவி) கடைசியில். வரிசையைத் தலைகீழாக்கிப் பெயர் பெற்ற கார்ட்ரிட்ஜை முதலில் வாங்கியவர்கள், பெரும்பாலும் அதற்காக ஆர்மையே மாற்ற வேண்டி வருகிறது.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடலாம். பெட்டி வடிவத்தில் ஸ்பீக்கரோடு சேர்ந்து வரும் மலிவான பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அது 5 கிராமுக்கு மேல்கூடத் தடத்தை அழுத்தும். எடையைச் சரிசெய்ய வழியும் இருக்காது. சேர்த்து வைத்த தட்டுகள் மேல் அக்கறை இருந்தால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

டர்ன்டேபிளில் பார்க்க வேண்டியது

டர்ன்டேபிளின் வேலை இரண்டுதான்: சரியான வேகத்தில் சுற்ற வேண்டும், சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். இதை மூன்று வழிகளில் செய்கிறார்கள். பெல்ட் டிரைவில் மோட்டாருக்கும், தட்டை ஏந்திச் சுற்றும் பிளாட்டருக்கும் நடுவே ரப்பர் பெல்ட் இருப்பதால் மோட்டாரின் நடுக்கம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் பெல்ட் நாளடைவில் தளரும், மாற்ற வேண்டும். டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சே பிளாட்டரின் அச்சு. 1970-ல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 தொடங்கிவைத்த வழி இது. வேகம் உடனே பிடிக்கும், பல ஆண்டுகள் மாறாமல் நிற்கும். ஐட்லர் டிரைவில் ஒரு ரப்பர்ச் சக்கரம் அழுந்திச் சுற்றிப் பிளாட்டரைச் சுழற்றும்; பழைய கேரார்டு 301, தோரன்ஸ் டிடி 124 போன்றவற்றில் வருவது இது. நிறுத்தி வைத்திருக்கும்போது ரப்பர்ச் சக்கரம் அழுந்திக் கிடந்து ஓரிடத்தில் தட்டையானால், ஒவ்வொரு சுற்றுக்கும் "டுப் டுப்" என்று கேட்கும்.

இவற்றில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. நன்றாகச் செய்த எந்த வகையும் நன்றாகவே ஒலிக்கும். பராமரிப்பில் பொறுமை இல்லாதவருக்கு டைரக்ட் டிரைவ் ஏற்றது. எளிய கட்டமைப்பும் நல்ல ஆர்மும் வேண்டுமென்றால், அதே செலவில் பெல்ட் டிரைவில்தான் நல்ல ஆர்ம் அமைய வாய்ப்பு அதிகம்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. பிளாட்டரின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, முள்ளைத் தட்டில் இறக்கிய நிலையில் சுற்றுகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் சரியாக 3 நிமிடத்துக்கு 100 சுற்று வர வேண்டும். முள் மேலே தூக்கியிருக்கும்போது எண்ணினால் கணக்கு கொஞ்சம் பொய் சொல்லும், ஏனென்றால் முள்ளின் உராய்வும் மோட்டாருக்கு ஒரு சுமைதான். ஸ்ட்ரோப் தட்டு (வளையங்களாகக் கோடுகள் அச்சிட்ட வட்டு) வைத்திருந்தால், விளக்கின் கீழ் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 180 கோடுகள் உள்ள வளையமும் 60 ஹெர்ட்ஸில் 216 கோடுகள் உள்ள வளையமும் நிலையாக நிற்க வேண்டும். மினுக்காத எல்இடி விளக்கின் கீழ் ஸ்ட்ரோப் வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய டர்ன்டேபிளை வேறொரு நாட்டிலிருந்து வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த புல்லியோடு (மோட்டார் அச்சில் உள்ள சிறு சக்கரம்) 50 ஹெர்ட்ஸில் ஓடினால் 33⅓ அல்ல, 27.8 சுற்றுதான் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. புல்லியை மாற்ற வேண்டும், அல்லது அதிர்வெண்ணைத் தானே உருவாக்கும் பவர் சப்ளை வைக்க வேண்டும்.

வேக நடுக்கத்தைக் குறிக்கும் வாவ் அண்ட் ஃப்ளட்டர் எண் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். 0.05-க்கும் 0.025-க்கும் இடையிலான வேறுபாட்டுக்காகக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள். ஒரு தட்டின் நடு ஓட்டை வெறும் 0.2 மி.மீ. விலகியிருந்தாலே, உள்தடங்களில் வேகம் 0.3 சதவீதத்துக்கு மேல் இப்படியும் அப்படியும் ஆடும். பியானோவும் நீண்ட வீணை மீட்டலும் அலைவதாகத் தோன்றினால், டர்ன்டேபிளைக் குறை சொல்வதற்கு முன் வேறு இரண்டு தட்டுகளைப் போட்டுப் பாருங்கள்.

டோன்ஆர்ம்

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான். முதல் சோதனை, ஆர்ம் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். ஆர்ம் நடுவை நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் ஆன்ட்டி ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, பின் எடையைத் திருகி ஆர்ம் தராசுபோல் சமநிலையில் மிதக்கும்படி செய்யுங்கள். மெல்ல ஊதினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையின்றி நகர வேண்டும். எங்கேனும் சிக்கி நின்றால் பேரிங் அழுக்கடைந்திருக்கிறது அல்லது அடிபட்டிருக்கிறது. பிறகு ஆர்மை விரலால் மெதுவாகப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சின்ன "கிளிக்" உணர்ந்தால் பேரிங் தளர்ந்துவிட்டது. அந்த ஆர்மை வாங்காதீர்கள். ஒற்றை முனையில் நிற்கும் யூனிபிவட் ஆர்ம் மட்டும் இதற்கு விலக்கு, அது இயல்பாகவே ஆடும்.

அடுத்து பயனுறு நிறை. ஆர்மைத் தராசில் போட்டால் வரும் எடை அல்ல இது. முள் இருக்கும் இடத்தில் ஆர்ம் எவ்வளவு கனமாக உணரப்படுகிறது என்பதன் அளவு. 10 கிராமுக்குக் கீழே இருப்பது இலகு, 10 முதல் 18 வரை நடுத்தரம், அதற்கு மேல் கனம். இப்போது விற்பனையில் உள்ளவை பெரும்பாலும் நடுத்தரம்தான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2-வின் ஆர்ம், ஹெட்ஷெல்லோடு (கார்ட்ரிட்ஜை மாட்டும் முனைத் துண்டு) சேர்த்து 12 கிராம்.

இந்த எண் ஏன் வேண்டும்? கார்ட்ரிட்ஜின் கான்டிலீவர், அதாவது முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு, ஒரு ரப்பர்த் துண்டில் தொங்குகிறது. அது ஒரு ஸ்பிரிங். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் சுமை. சுமை தொங்கும் ஸ்பிரிங்குக்கெல்லாம் ஒரு சொந்த ஆட்டம் இருக்கும்; அந்த ஒத்ததிர்வு எங்கே விழுகிறது என்பதே கேள்வி. தட்டின் நெளிவுகள் எழுப்பும் அசைவு சுமார் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. இசை 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஒத்ததிர்வு இந்த இரண்டுக்கும் நடுவே, 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கீழே இறங்கினால் நெளிந்த தட்டில் வூஃபர் கோன் முன்னும் பின்னும் தள்ளாடும், முள் துள்ளும். மேலே ஏறினால் பாஸ் ஒலி ஊதிப்போய்க் குழம்பும்.

கணக்கு எளிது. ஆர்மின் பயனுறு நிறை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (அந்த ஸ்பிரிங் எவ்வளவு இளக்கமானது என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். ஓர்ட்டஃபான் 2எம் ரெட் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. மேலே சொன்ன 12 கிராம் ஆர்மில், திருகுக்கு 0.8 சேர்த்தால் மொத்தம் 20. 20 பெருக்கல் 20 என்பது 400, வர்க்கமூலம் 20, விடை ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ். வரம்பின் கீழ் ஓரம், ஆனால் வேலை செய்யும். இதே கார்ட்ரிட்ஜை 20 கிராம் ஆர்மில் மாட்டினால் 6.7-க்கு இறங்கிவிடும், அங்கே தொல்லை தொடங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழுகிறார்கள். ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்கின்றன. நம் சூத்திரத்துக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. 100 ஹெர்ட்ஸ் எண்ணை 1.5 முதல் 2 வரை பெருக்கிக்கொள்ளுங்கள். துல்லியமான மாற்று அல்ல, ஆனால் கணக்குக்குப் போதும். டெனான் டிஎல்-103-ன் எண் வெறும் 5. அதை அப்படியே போட்டால் 12 கிராம் ஆர்மில் 15 ஹெர்ட்ஸ் வந்து பயமுறுத்தும். இரட்டித்து 10 என்று வைத்தால் 11 ஹெர்ட்ஸுக்கு அருகில் வருகிறது, அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. ஆனாலும் அது கனமான ஆர்மை விரும்பும் கார்ட்ரிட்ஜ்தான். கனமான ஹெட்ஷெல் போட்டோ, ஹெட்ஷெல்லுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே பித்தளைத் தகடு வைத்தோ நிறையைக் கூட்டலாம். நிறையைக் கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். இதனால்தான் ஹெட்ஷெல் கழற்றி மாட்டக்கூடிய ஆர்மை முதல் ஆர்மாகப் பரிந்துரைக்கிறோம்.

உயரம் சரிசெய்யும் வசதி இருக்கிறதா, பின் எடை எத்தனை கிராம் கார்ட்ரிட்ஜ் வரை சமாளிக்கும் என்பதையும் பாருங்கள். ரேகா ஆர்ம்களில் உயரத் திருகு கிடையாது. அடியில் 2 மி.மீ. வளையம் வைத்துத்தான் உயர்த்த வேண்டும். வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜ் மாட்டும்போது மட்டும் இது குறுக்கே வரும். 12 அங்குல ஆர்ம்களின் மேல் உள்ள மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றில் கோணப் பிழை குறைவு என்பது உண்மை. ஆனால் சரியாகப் பொருத்தாத 12 அங்குலத்தைவிடக் கவனமாகப் பொருத்திய 9 அங்குலம் நன்றாகப் பாடும்.

கார்ட்ரிட்ஜ்: எம்எம்மா, எம்சியா?

எம்எம் (மூவிங் மேக்னட்) வகையில் காந்தம் நகரும், சுருள் அசையாமல் இருக்கும். வெளியீடு சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட். முள் தேய்ந்தால் முள்ளை மட்டும் பிடுங்கிப் புதியதைச் செருகலாம். எம்சி (மூவிங் காயில்) வகையில் சுருள் நகரும். அசையும் பகுதி இலகுவாக இருப்பதால் நுணுக்கம் கூடும், ஆனால் வெளியீடு பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். முள் தேய்ந்தால் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும், அல்லது புது முனை பொருத்தித் தருபவரிடம் அனுப்ப வேண்டும். முதல் கார்ட்ரிட்ஜ் எம்எம்மாகவே இருக்கட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முள்ளை மட்டும் உயர்த்திக்கொண்டே போகும் வசதி அதில்தான் இருக்கிறது: 2எம் ரெட் உடலில் 2எம் புளூவின் முள் செருகும், ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசையில் எல்லா முள்ளும் ஒரே உடலுக்குப் பொருந்தும்.

எம்எம், எம்சி வேறுபாட்டைவிடக் காதுக்கு அதிகம் தெரிவது முள்ளின் வடிவம். காரணம் தட்டின் வடிவியலில் இருக்கிறது. வெளித்தடத்தில் தட்டு முள்ளைக் கடக்கும் வேகம் நொடிக்கு சுமார் 51 செ.மீ.; லேபிளுக்கு அருகே அது 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரான் நீளம். உள்ளே வெறும் 21 மைக்ரான். கோள முனை முள்ளின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அவ்வளவு பருமனான முனை அந்த நுண்ணிய வளைவுகளுக்குள் இறங்க முடியாமல் மேலோட்டமாகத் தாண்டிப் போகும். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான் என்பதால் அது இறங்கும். ஷிபாட்டா, மைக்ரோலைன் போன்ற நுண்கோட்டு முனைகள் இன்னும் ஆழமாக இறங்கி, தடத்தின் சுவரை நெடுக்காகத் தொட்டு அழுத்தத்தைப் பரப்புகின்றன. பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் "ஸ", "ஷ" எழுத்துகள் கரகரத்தால், குறை பெரும்பாலும் முள்ளின் வடிவத்திலோ பொருத்தும் கோணத்திலோதான் இருக்கும்.

நுண்கோட்டு முனைக்கு ஒரு விலை உண்டு. கோணம் கொஞ்சம் தவறினாலும் அது மன்னிக்காது. கோள முனை எப்படி மாட்டினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாடும். பொருத்தும் வேலையில் பொறுமை உள்ளவர் நுண்கோட்டுக்குப் போகலாம். மற்றவருக்கு நீள்வட்டம் சரியான நடுவழி.

முள்ளின் ஆயுளாகத் தயாரிப்பாளர்கள் சொல்வது பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம். நாளுக்கு ஒரு எல்பி, 40 நிமிடம் கேட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 240 மணி நேரம். பழைய கார்ட்ரிட்ஜில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாவிட்டால் முள்ளை மாற்றிவிடுங்கள். தேய்ந்த முள் உளியைப் போன்றது. அது அறுத்த தடம் திரும்பாது.

78 சுற்றுத் தட்டுகளுக்கு எல்பி முள் கூடவே கூடாது. அவற்றின் தடம் அகலம். சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். சிறிய முள் தடத்தின் அடிக்குப் போய் அழுக்கைச் சுரண்டும், இரைச்சல்தான் வரும்.

ஃபோனோ ப்ரீஆம்ப்

எம்எம்முக்கு 40 டெசிபல் பெருக்கம் போதும், குறைந்த வெளியீட்டு எம்சிக்கு சுமார் 60 வேண்டும். எம்சிக்குச் சுமை மின்தடை, அதன் சுருள் மின்மறுப்பைப் போல் சுமார் 10 மடங்கு என்று தொடங்கிக் காதால் சரிசெய்யலாம்.

எம்எம்மில் பலர் கவனிக்காமல் விடுவது மின்தேக்குத்திறன். கார்ட்ரிட்ஜின் சுருளும், கம்பியும் ப்ரீஆம்பும் சேர்ந்து தரும் மின்தேக்குத்திறனும் சேர்ந்து இன்னோர் ஒத்ததிர்வை உண்டாக்கும். 500 மில்லிஹென்றி சுருளுக்கு 300 பிகோஃபாரட் இருந்தால் அது 13,000 ஹெர்ட்ஸில் விழும். அங்கே ஒலி கூர்மையாகி, அதற்கு மேல் சரியும். 150 பிகோஃபாரட் என்றால் 18,000-க்கு மேலே நகர்ந்துவிடும். ப்ரீஆம்பில் ஏற்கெனவே 200 இருந்து, கம்பி இன்னொரு 150 சேர்த்தால், 100 முதல் 200 கேட்கும் கார்ட்ரிட்ஜ் காதைக் குத்தும். "இந்தக் கார்ட்ரிட்ஜ் கீச்சென்று கத்துகிறது" என்று விற்றுவிட்டவர்களில் பலர் விற்றிருக்க வேண்டியது கம்பியைத்தான்.

பொருத்தும் முறை

டர்ன்டேபிளைச் சமமட்டத்தில் வையுங்கள். மட்டக்கருவியைப் பிளாட்டர் மேல் வைத்துப் பாருங்கள். முள்ளுறையைக் கழற்றாமல் கார்ட்ரிட்ஜை மாட்டுங்கள். நான்கு கம்பிகள்: வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர், சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர். சிறு இடுக்கியால் செருகுங்கள், ஆனால் கிளிப் இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள்; கிளிப் செருகும் ஊசி உள்ளே போய்விட்டால் கார்ட்ரிட்ஜ் அவ்வளவுதான். கிளிப்பை ஒரு பல்குச்சியால் கொஞ்சம் விரியுங்கள். திருகுகளை நகர்த்த முடிகிற அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

ஆர்மைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, எடையைப் பரிந்துரைத்த அளவுக்கு வையுங்கள். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், டிஎல்-103-க்கு 2.5. ஆர்மின் அளவுகோலை நம்பாமல் 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் சரிபாருங்கள். தராசின் தட்டு ரெக்கார்டின் மேற்பரப்பு உயரத்தில் இருக்க வேண்டும், இரும்பாகவும் இருக்கக் கூடாது; எம்சியின் காந்தம் அதை இழுத்துப் பொய்யான எண்ணைக் காட்டும். குறைந்த எடை தட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை தவறு. எடை போதாத முள் தடத்தில் துள்ளித் துள்ளி விழுந்து சுவரை உடைக்கிறது. கொடுத்த வரம்பின் மேல்பாதியில் வையுங்கள்.

அடுத்து கோணம். பிளாட்டரின் நடு அச்சான ஸ்பிண்டிலிலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளிகள் உள்ள ப்ரோட்ராக்டரை (கோணம் பார்க்கும் அட்டை) பயன்படுத்துங்கள். பெரும்பாலான தட்டுகளுக்கு இது போதும். அச்சிட்டு எடுத்தால் அளவுகோலால் அளந்து பாருங்கள், பிரிண்டர் சில சமயம் சுருக்கிவிடும். முள்ளை ஒவ்வொரு புள்ளியிலும் இறக்கி, கான்டிலீவர் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜின் உடலை வைத்துப் பார்க்காதீர்கள், உடலுக்குள் கான்டிலீவரே கொஞ்சம் சாய்ந்து இருப்பதுண்டு. ஒரு புள்ளியில் சரி, இன்னொன்றில் தவறு என்றால் முன்னோ பின்னோ அரை மி.மீ. நகர்த்தி மறுபடி இரண்டையும் பாருங்கள். முடிந்ததும் திருகை இறுக்கி, எடையை மீண்டும் அளக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் எடையும் மாறியிருக்கும்.

முன்னாலிருந்து பார்க்கும்போது முள் தட்டுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்கட்டும். இதில் மிகையாகக் கவலைப்படுபவர்கள் அதிகம். 23 செ.மீ. ஆர்மில் ஒரு டிகிரி மாற, ஆர்ம் திரும்பும் மையமான பிவட்டை 4 மி.மீ. உயர்த்த வேண்டும். மெல்லிய தட்டுக்கும் தடித்த தட்டுக்கும் இடையில் உள்ள ஒரு மி.மீ. வேறுபாடு கால் டிகிரிதான். ஒவ்வொரு தட்டுக்கும் உயரம் மாற்றத் தேவையில்லை.

ஆன்ட்டி ஸ்கேட்டை முதலில் முள் எடைக்குச் சமமான எண்ணில் வைத்து, சத்தமான பகுதியைக் கேளுங்கள். ஆர்ம் இயல்பாக நடுவை நோக்கி இழுபடும், அதனால் முள் தடத்தின் உட்சுவரில், அதாவது இடது சேனலில் சாய்ந்து வலது சேனல் பிடி இழக்கும். வலது பக்கம் முதலில் கரகரத்தால் எண்ணைக் கூட்டுங்கள், இடது பக்கம் என்றால் குறையுங்கள். தடமில்லாத வழுவழுப்பான தட்டில் முள்ளை விட்டுச் சோதிப்பவர்கள் உண்டு. தடத்துக்குள் உள்ள உராய்வும் அங்கே உள்ள உராய்வும் வேறு என்பதால் அந்தச் சோதனையை நாங்கள் நம்புவதில்லை.

தொல்லை வந்தால்

இடைவிடாத ஹம் கேட்டால் முதலில் தரைக்கம்பி ப்ரீஆம்பின் திருகில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முள் உள்ளே நகர நகர ஹம் கூடினால், கவசமில்லாத கார்ட்ரிட்ஜ் மோட்டாரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. கம்பி மாற்றினால் போகாது, கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும். ஒரு சேனல் மௌனமானால் ஹெட்ஷெல் கம்பிகளை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். மௌனமும் சேனல் மாறினால் குறை கார்ட்ரிட்ஜிலோ கிளிப்பிலோ இருக்கிறது, மாறாவிட்டால் ஆர்மிலோ அதற்கு அப்பாலோ. பாஸ் இல்லாமல் நடுவில் குரல் கரைந்து போனால் ஒரு சேனலின் நேர், எதிர் கம்பிகள் இடம் மாறியிருக்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டும்போது ஊளை எழுந்தால் டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருக்கின்றன, பிரித்து வையுங்கள்.

முள்ளைத் தூரிகையால் துடைக்கும்போது பின்னிருந்து முன்னுக்கு, தட்டு நகரும் திசையில் மட்டுமே இழுங்கள். பக்கவாட்டில் ஒருமுறை இழுத்தாலும் கான்டிலீவர் வளைந்துவிடக்கூடும், அதை நிமிர்த்த வழியில்லை.